தொண்ணூற்றாறுக்கும் நூற்றேழுக்கும் நடுவே

1

இந்த மே மாதத்தோடு நாங்கள் எழுதிய மென்பொருளுக்குப் பதினைந்து வயது நிறைந்தது. நெதர்லாந்தில் பிறந்தநாள்காரர்தான் மற்றவர்களுக்குக் கேக் வாங்கித் தர வேண்டும். மென்பொருளால் கடைக்குப் போக முடியாது. ஆகவே அதைப் பெற்று வளர்த்த நானும் என் பேராசிரியரும் மேலாளருமான ஹெங்க்கும் ஆளுக்கொரு கேக் தூக்கிக்கொண்டு போவதென்று முடிவானது. ஹெங்க் அதோடு விடவில்லை. "ஆரம்பத்தில் இதைப் பயன்படுத்தியவர்கள் எழுதிய மெயில்களைத் தேடி எடு சுமதி. பிரிண்ட் போட்டுச் சுவரில் ஒட்டுவோம்" என்றார்.

இருபது வருடமாக இங்கே என்ன வேலை பார்க்கிறாய் என்று ஊரில் கேட்பவர்களுக்கு நான் இதுவரை சரியாகப் பதில் சொன்னதில்லை. கிணத்துக்கடவில் என் அம்மா, "கம்ப்யூட்டர்ல மருந்து செய்யறா" என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறார். மருந்தெல்லாம் இல்லை. புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த நீளமான சரம். ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் உண்டு. அந்தச் சரம் தானாகச் சுருண்டு மடங்கி ஓர் உருவத்துக்கு வந்தால்தான் அதனால் ஏதாவது பிரயோசனம். வேறு வேறு வேலை செய்யும் இரண்டு புரதங்களை ஒன்றாக இணைத்தால், இரண்டு வேலையையும் ஒரே பொருளைச் செய்ய வைக்கலாம். எந்த முனையில் இணைப்பது, நடுவில் எவ்வளவு நீளத்துக்குத் துண்டு விடுவது, இணைத்த பிறகு உருவம் எப்படி நிற்கும் என்பதையெல்லாம் திரையில் கட்டிப் பார்த்துச் சொல்வதுதான் எங்கள் மென்பொருள். முடிவில், இணைத்த சரத்தை எழுத்து எழுத்தாக எழுதிக் கொடுக்கும். அதை வைத்துத்தான் ஆய்வுக்கூடங்களில் அந்தப் புரதத்தைச் செய்யும் ஜீனுக்கு ஆர்டர் போடுவார்கள்.

அதாவது, நான் எழுதிக் கொடுப்பதை உலகத்தில் யாரோ ஒருவர் நம்பிக் காரியத்தில் இறங்குகிறார். இதை நான் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

2

மெயில்களைத் தேடியது ஒரு சனிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேசையில். எதிரில் என் மகள் இனியா வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். பதினாறு வயது. நான் தமிழில் பேசினால் டச்சில் பதில் சொல்லுவாள். கோபம் வந்தால் மட்டும் தமிழ், அதுவும் என்னிடம் கற்றது என்பதால் பாதி கோயமுத்தூர்ச் சாயலில் வரும். தமிழ் எழுத்து அவளுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு, நீச்சல் வகுப்பு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது அவளுக்கு எட்டு வயது. தண்ணீர் நிறைந்த நாட்டில் நீச்சல் முக்கியம் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

பழைய மெயில்களில் ஒன்று கோயமுத்தூரிலிருந்து வந்திருந்தது. அனுப்பியது எஸ்தர். என்னோடு எம்.எஸ்ஸி. படித்தவள். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய மெயில், ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்த தமிழ். இனியா எழுந்து வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, டச்சு உச்சரிப்பில் வாய்விட்டுப் படித்தாள்.

"அன்புள்ள சுமதிங்க, நல்லா இருக்கீங்களா? பாப்பா நல்லா இருக்குதுங்களா? உங்க சாஃப்ட்வேர் ரொம்ப நல்லா இருக்குதுங்க. லேப்ல எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லியிருக்கேன். ஒரே ஒரு சந்தேகமுங்க. நான்தான் எங்கயோ தப்புப் பண்ணியிருப்பேன்னு நினைக்கிறேன். தொண்ணூத்தி ஆறுக்கு அப்புறம் நேரா நூத்தி ஏழு வருதுங்க. எனக்குப் பாக்கத் தெரியலையோ என்னமோ. நேரம் கெடச்சா மட்டும் அட்டாச்மென்ட்டைப் பாருங்க. சரின்னு பட்டா ஒரு வரி எழுதி அனுப்புங்க, எங்க கைடுகிட்ட காட்டிக்குவேன். இல்லைன்னாலும் பரவாயில்லைங்க."

அதற்குக் கீழே என் பதில். நான்கு நாள் கழித்து, ஆங்கிலத்தில், பதவியெல்லாம் போட்ட கையெழுத்தோடு. மென்பொருள் சரியாகத்தான் இயங்குகிறது; கையேட்டின் இரண்டாம் அத்தியாயத்தைப் படிக்கவும்; வாழ்த்துகள்.

"பாப்பான்னா நானா?" என்று கேட்டாள் இனியா. ஆமாம் என்றேன். பிறகு திரையில் விரலை வைத்தாள். "அம்மா, இந்த அட்டாச்மென்ட் இன்னும் திறக்கவே இல்லை. புதுசுன்னு காட்டுது."

காகித கிளிப் அடையாளத்துக்குப் பக்கத்தில் ஒரு நீலப் புள்ளி. பன்னிரண்டு வருடமாக அந்த நீலப் புள்ளி அங்கேயே இருந்திருக்கிறது.

"அவங்க தெளிவா சொல்லியிருக்காங்களே. நம்பர் கூட குடுத்திருக்காங்க. நீ ஏன் பார்க்கல?" என்றாள். அவளுக்குத் தெரிந்த சிறிய தமிழில் அதைவிடப் பெரிய கேள்வியைக் கேட்டிருக்க முடியாது. வேலை அதிகமாக இருந்திருக்கும் என்று ஏதோ சொன்னேன்.

3

எஸ்தரின் அப்பா எங்கள் தென்னந்தோப்பில் வேலை செய்தவர். மரமேறுவார், தண்ணீர் கட்டுவார், உரம் போடுவார். எல்லோரும் அவரைப் 'பாலு' என்று கூப்பிட்டார்கள், பத்து வயதில் நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவர் என்னைச் 'சின்னம்மணி' என்பார், என் அப்பாவைவிட மூத்தவர். இங்கே வந்த புதிதில் பேராசிரியரை ஹெங்க் என்று பேர் சொல்லிக் கூப்பிடச் சொன்னபோது நாக்கு எழவில்லை. ஊருக்குப் போன் போட்டு இதைப் பெரிய அதிசயமாகச் சொன்னேன். வயதில் மூத்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் எனக்கு ஏற்கெனவே உண்டு என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

எஸ்தரும் நானும் ஒரே பஸ்ஸில் கோயமுத்தூர் கல்லூரிக்குப் போய் வந்தோம். கல்லூரியில் அவள் என்னை "ஏய் சுமதி, வாடி" என்பாள். சாயங்காலம் உக்கடத்தில் பஸ் ஏறும்போதும் வாடி போடிதான். ஒத்தக்கால்மண்டபம் தாண்டியதும் எங்கள் ஊர்க்காரர்கள் ஏற ஆரம்பிப்பார்கள். அதற்குப் பிறகு "ஏனுங்க சுமதி" என்று மாறிவிடுவாள். நான் சிரிப்பேன். அவள் சிரித்ததாக ஞாபகம் இல்லை.

கடைசி வருட ப்ராஜெக்டை இருவரும் சேர்ந்து செய்தோம். எங்கள் வீட்டில்தான் கம்ப்யூட்டர் இருந்தது, அப்பாவின் அறையில். எஸ்தர் வருகிறாள் என்றதும் அம்மா ஒரு காரியம் செய்தார். கனமான அந்த மானிட்டரையும் பெட்டியையும் ஆள் விட்டுத் தூக்கி வந்து, போர்ட்டிகோவில் மேசை போட்டு வைக்கச் சொன்னார். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வயர் ஜன்னல் வழியாக வந்தது. "உள்ள புழுக்கமா இருக்குது, இங்கீன்னா காத்தோட்டமா இருக்கும்" என்றார். ஆறு வாரமும் அங்கேதான் வேலை. ஆடிக் காற்றில் காகிதம் பறக்காமல் இருக்க எஸ்தர் கூழாங்கல் பொறுக்கி வந்து மேலே வைப்பாள். மழை வந்தால் நான் மானிட்டர் மேல் துண்டு போடுவேன்.

காற்றோட்டத்துக்காகத்தான் என்று நான் நம்பினேன் என்று எழுதினால் அது பொய். நம்பாமல் இருந்தேன் என்று எழுதினாலும் பொய். அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை, எனக்கு யோசிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

பிறகு நான் வெளிநாடு வந்துவிட்டேன். சில வருடம் கழித்து எஸ்தர் கோயமுத்தூரிலேயே முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னைகளைத் தின்றுகொண்டிருந்த வேர்வாடல் நோய்தான் அவள் ஆய்வு. ஓலை வெளிறி நோய் கண்ணுக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும். அதற்கு முன்பே மரத்தில் கிருமி இருக்கிறதா என்று காட்டும் ஒரு சோதனையை உருவாக்க நினைத்தாள். கிருமியைப் பிடிக்கும் புரதம் ஒன்று, நிறம் காட்டும் புரதம் ஒன்று, இரண்டையும் இணைக்க வேண்டும். இணைக்க எங்கள் மென்பொருளை எடுத்தாள். அதை எழுதியது சுமதி என்பதால் எடுத்தாள்.

4

அன்று மத்தியானமே அட்டாச்மென்ட்டைத் திறந்தேன்.

அதற்குள் என்ன இருந்தது என்று சொல்வதற்கு முன் மென்பொருளில் இருந்த கோளாறைச் சொல்ல வேண்டும். புரதத்தின் உருவத்தை எக்ஸ்ரே வைத்துக் கண்டுபிடிக்கும்போது, சில இடங்கள் ஆடிக்கொண்டே இருப்பதால் பதிவாகாது. கோப்பில் அந்த எண்கள் விடுபட்டிருக்கும். தொண்ணூற்றாறுக்கு அடுத்து நூற்றேழு என்றால், நடுவில் பத்து அமினோ அமிலங்கள் இருக்கின்றன, ஆனால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். முதல் வருடம், இப்படிப்பட்ட இடைவெளி வந்தால் எங்கள் மென்பொருள் அப்படியே நின்றுவிடும். மறுநாள் ஒரு கருத்தரங்கில் அதை ஓட்டிக் காட்ட வேண்டியிருந்தது. இடைவெளி வந்தால் அடுத்து இருப்பதோடு ஒட்டிவிட்டு மேலே போ என்று நான்தான் ஒரு வரி எழுதினேன். பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். மென்பொருள் நிற்காமல் ஓடியது. பார்த்தவர்கள் கை தட்டினார்கள். அந்த வரி அப்படியே தங்கிவிட்டது.

அதனால் எஸ்தருக்கு அது எழுதிக் கொடுத்த சரத்தில் பத்து அமினோ அமிலங்கள் இல்லவே இல்லை. அப்படி ஒரு புரதம் மடங்கி உருவத்துக்கு வராது.

அட்டாச்மென்ட்டில் இரண்டு கோப்புகள். முதலாவது ஒரு பட்டியல். தன்னுடைய புரதத்தோடு நிறுத்தாமல், பதினேழு புரதங்களை எங்கள் மென்பொருளில் ஓட்டிப் பார்த்து, எதில் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை விழுங்கியிருக்கிறது என்று எழுதியிருந்தாள். இரண்டாவது, திருத்தம். எண்கள் வரிசையாக வருகின்றனவா என்று பார், வராவிட்டால் நிறுத்தி, ஆளிடம் சொல். மொத்தமே பதினான்கு வரி. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் 'இப்படி இருக்கலாமோ' என்று ஒரு குறிப்பு வேறு.

மூன்று வருடம் கழித்து ஆஸ்திரியாவிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் எழுதினார். வணக்கம்கூட இல்லை. "உங்கள் மென்பொருள் அமினோ அமிலங்களைத் தின்கிறது. திருத்துங்கள்." அன்று பகலே உட்கார்ந்து திருத்தினேன். எனக்குப் பத்தொன்பது வரி ஆனது. புதிய பதிப்பின் குறிப்பில் அவர் பெயரைப் போட்டு நன்றி சொன்னேன். அப்போது எஸ்தரின் மெயில் நினைவுக்கு வந்ததா, வந்தும் தள்ளிவிட்டேனா என்று இன்று சத்தியம் செய்ய என்னால் முடியாது.

கொங்கு நாட்டில் பிறந்த எவருக்கும் எஸ்தரின் மெயிலை எப்படிப் படிக்க வேண்டும் என்று தெரியும். எதிராளியின் பிழையைச் சொல்லும்போது நம் பிழை என்று சொல்லித்தான் ஆரம்பிப்போம். கடைக்காரர் கணக்கைத் தப்பாகப் போட்டால், "எனக்குக் கூட்டத் தெரியலைங்களோ" என்போம். கேட்பவர் உடனே திரும்பப் பார்ப்பார், பார்த்தாக வேண்டும். அதுதான் முறை. எங்கள் வீட்டில் பெரியவர்கள் அப்படிச் சொன்னால் நான் ஓடிப் போய்ப் பார்த்திருப்பேன். எஸ்தர் சொன்னபோது, அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை என்று எடுத்துக்கொண்டேன். என் வேலையில் எஸ்தர் பிழை கண்டுபிடிப்பாள் என்பது என் புத்தியில் ஓடவே இல்லை. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

5

கேக் வெட்டுவதற்கு இரண்டு நாள் முன்பு நகராட்சி அலுவலகம் போனேன். ஊருக்குப் போக விசா எடுக்க ஒரு காகிதம் தேவை. இந்த நாட்டுப் பாஸ்போர்ட் வாங்கிய பிறகு, பிறந்த ஊருக்குப் போகவும் விண்ணப்பம் போட வேண்டியிருக்கிறது. இத்தனை வருடத்தில் டச்சு மொழி சரளமாக வந்துவிட்டது, ஆனால் கேட்கிற தோரணை மட்டும் இன்னும் பொள்ளாச்சி ரோட்டிலேயே நிற்கிறது. "உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால் இன்றைக்கே கிடைக்குமா, இல்லாவிட்டால் இன்னொரு நாள்கூட வருகிறேன்" என்றேன்.

"நல்லது, இன்னொரு நாள் வாருங்கள்" என்று சொல்லிவிட்டு கவுன்ட்டரில் இருந்த பெண்மணி அடுத்த டோக்கன் எண்ணை அழுத்தினார். அவர் மேல் தப்பே இல்லை. நான் சொன்னதைத்தான் எடுத்துக்கொண்டார். என்னை அவருக்குத் தெரியாது.

எஸ்தரை எனக்குத் தெரியும்.

சுவரில் ஒட்ட அவளுடைய மெயிலைக் கொடுக்கவில்லை. கேக்கில் ஒரு துண்டு தின்றுவிட்டு, எல்லோருடனும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன்.

6

ஜூலையில் இனியாவைக் கூட்டிக்கொண்டு கிணத்துக்கடவு போனேன். அம்மா தனியாக இருக்கிறார். அப்பா போன பிறகு தோப்பில் பாதி மரம் வேர்வாடலில் போய்விட்டது. வெட்டிய இடத்தில் மக்காச்சோளம் நிற்கிறது. எஸ்தரின் சோதனை வந்திருந்தால் மரங்கள் பிழைத்திருக்கும் என்று எழுத ஆசைதான். அப்படிச் சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. முயற்சி செய்து பார்க்கும் வாய்ப்பு அவளுக்குக் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லலாம்.

எங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் எண் வாங்கி எஸ்தரைக் கூப்பிட்டேன். பொள்ளாச்சியில் வீடு, ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூவுக்கு உயிரியல் எடுக்கிறாள். நேரில் வரட்டுமா என்று கேட்டேன். "வாங்க, சனிக்கெழம ஸ்கூல் லீவுதானுங்க" என்றாள்.

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "பாலு புள்ளையப் பாக்க நீ எதுக்கு அங்க போவோணும்? போன் பண்ணுனா அவளே இங்க வந்துட்டுப் போறா" என்றார்.

"வந்தா எங்கம்மா உக்கார வைப்பீங்க?" என்றேன்.

அம்மா டிவியின் சத்தத்தைக் கூட்டினார். இனியா என்னைப் பார்த்தாள். பஸ்ஸில் போகும்போது போர்ட்டிகோ கதையை அவளிடம் சொன்னேன். தமிழில் ஆரம்பித்து, டச்சில் முடித்தேன். அவள் காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முழுதும் கேட்டாள்.

சிறிய மாடி வீடு. எஸ்தர் வாசலுக்கு வந்து நின்றாள். தலையில் பாதி நரை. "வாங்க சுமதி. வா கண்ணு" என்றாள். உள்ளறைக்கே கூட்டிப் போனாள். அங்கே ஜன்னலோரம் ஒரு கம்ப்யூட்டர், திரையில் ஒரு புரதம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காகவாம். இனியா நேராகப் போய் அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். எஸ்தர் அவளுக்கு ஃபேன் போட்டாள்.

நான் பிரிண்ட் எடுத்து வந்திருந்த அவளுடைய மெயிலை மேசையில் வைத்தேன். "எஸ்தர், நான் அன்னிக்கு இதத் தொறந்தே பாக்கல. பாக்காமயே பதில் போட்டுட்டேன். நீ சொன்னது அத்தனையும் சரி. என்னை மன்னிச்சிரு."

அவள் காகிதத்தை எடுத்துப் பார்க்கவில்லை. "மன்னிப்பெல்லாம் எதுக்குங்க. டீ ஆறுது, குடிங்க" என்றாள்.

குடித்தேன். அவள் சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே பேசினாள்.

"மொத தடவ புரதம் செஞ்சப்பவே பால் திரிஞ்சாப்பல கட்டி கட்டியாப் போச்சுங்க. அப்பத்தான் உக்காந்து எண்ணிப் பாத்தேன். பத்து இல்ல. கைடுகிட்டச் சொன்னேன். ஃபாரின்காரன் சாஃப்ட்வேரு தப்புப் பண்ணுமா, நீதான் தப்பா ஓட்டியிருப்பேன்னுபோட்டாரு. எழுதுனவங்க நம்ம ஃப்ரெண்டுதானுங்க சார், அவங்களையே கேக்கறேன்னேன். சரி, அவங்க ஒரு வரி எழுதட்டும், மாத்தி ஆர்டர் போடலாம்னாரு. அதுக்குத்தான் உங்களுக்கு எழுதுனது."

"நீயே பத்தையும் சேத்து ஆர்டர் போட்டிருக்கலாமே?"

"கையெழுத்து அவரு போடோணுமுங்களே." முந்தானையை விட்டாள். "உங்க பதிலப் பிரிண்ட் எடுத்து என்ற ஃபைல்ல வெச்சுப்போட்டாருங்க. அதுக்கப்புறம் நான் எதச் சொன்னாலும் அந்தக் காயிதத்த எடுத்துக் காட்டுவாரு. ரெண்டாவது தடவையும் அதே பழைய வரிசைதான் ஆர்டர் போச்சு. அதுவும் கட்டி. அப்பறம் ஃபெல்லோஷிப் முடிஞ்சுது. தீசிஸ் எழுதறதுக்குக் கையில ஒண்ணுமில்ல. பள்ளிக்கோடத்துல கேட்டாங்க, சேந்துக்கிட்டேன். பதனொண்ணு வருசமாச்சுங்க."

நான் எழுதிய மூன்று வரி அவள் ஃபைலில் சாட்சியாக உட்கார்ந்திருந்தது என்பது எனக்கு அன்றுதான் தெரியும். என் பதிலுக்கு அவள் மறுபடி எழுதாததால், கையேட்டைப் படித்துப் புரிந்துகொண்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்படி நினைத்ததுகூட ஞாபகம் இல்லை, நினைத்திருப்பேன் என்று ஊகிக்கிறேன்.

இனியா நாற்காலியைத் திருப்பினாள். "ஆன்ட்டி, நீங்க ஏன் நேரா சொல்லல? உன் சாஃப்ட்வேர் தப்புன்னு?"

எஸ்தர் அவளைப் பார்த்துச் சிரித்தாள். "சொல்லியிருந்தா உங்கம்மா கேட்டிருப்பாங்களா கண்ணு?"

இனியா என் பக்கம் திரும்பினாள். என்னிடமிருந்து ஒரு பதிலை எதிர்பார்த்தாள். கேட்டிருப்பேன் என்று சொன்னால் அது பொய். எஸ்தர் அந்த ஆஸ்திரியாக்காரரைப் போல எழுதியிருந்தால், எங்கள் தோப்பில் வேலை செய்தவரின் மகளுக்கு இவ்வளவு திமிரா என்று எனக்குள் ஏதோ ஒன்று நிச்சயமாக முறுக்கிக்கொண்டிருக்கும். பணிவாகச் சொன்னால் தெரியாதவள், நேராகச் சொன்னால் திமிர் பிடித்தவள். அவளுக்கு நான் எந்த வழியைத்தான் திறந்து வைத்திருந்தேன்?

கடைசியில், நான் நினைத்து வந்ததைச் சொன்னேன். "அடுத்த பதிப்புல உன் பேரப் போடறேன் எஸ்தர். மென்பொருளுக்குப் பங்களிச்சவங்க பட்டியல்ல."

வேண்டாம் என்பாள், இரண்டு மூன்று முறை வற்புறுத்த வேண்டியிருக்கும் என்று எதிர்பார்த்தேன்.

"பேரு மட்டும் போட்டா ஆகாதுங்க" என்றாள். "நான் அனுப்புன தேதியும் போடோணுங்க. நீங்க பதில் எழுதுன தேதியும் போடோணும். அதுல என்ன எழுதுனீங்கன்னும் போடுங்க. எங்க கைடு இன்னும் இருக்காருங்க. அவரு படிக்கோணும்."

குரல் உயரவில்லை. ஒரு 'ங்க'கூடக் குறையவில்லை. பதினைந்து வருடமாக நான் கட்டிய பெயர், உலகம் முழுக்கப் படிக்கிற ஒரு குறிப்பு, அதில் என் கையாலேயே என்னைப் பற்றி எழுத வேண்டும். மன்னிப்புக் கேட்க விமானம் ஏறி வந்தவளுக்கு அதற்குத் தைரியம் இல்லை. ஒரு பெயரைக் கொடுத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு போக வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே விளங்கியது.

"போடறேன்" என்றேன்.

"எழுதிக்கறீங்களா, மறந்துபோயிரும்" என்று பேனாவை நீட்டினாள்.

எழுதிக்கொண்டேன். அவள் பெயருக்கு முன்னால் 'பி' என்ற எழுத்து உண்டு. கல்லூரி வருகைப் பதிவேட்டில் இரண்டு வருடம் கேட்டது. குறிப்பில் முழுப் பெயர்தான் போடுவார்கள், பி என்றால் என்ன என்று கேட்டேன்.

"பால்ராஜ். அப்பா பேருங்க. அவரு போயி நாலு வருசமாச்சு."

எனக்கு அந்தப் பெயர் தெரியாது. வீட்டு வாசலில் நின்று எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறேன், அவருடைய முழுப்பெயர் எனக்குத் தெரியாது.

திரும்பும்போது இனியா பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். கிணத்துக்கடவு நெருங்கும்போது, "நீ போடுவல்ல?" என்று கேட்டாள். தமிழில் கேட்டாள்.

7

ஹெங்க் குறிப்பைப் படித்துவிட்டு, "தேதியெல்லாம் எதற்கு? யாரும் இப்படி எழுதுவதில்லையே" என்றார். முழுக் கதையையும் சொன்னேன். போர்ட்டிகோவை மட்டும் சொல்லவில்லை, அது அவருக்குப் புரிய நான் எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று தெரியவில்லை. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அப்படியானால் அப்படியே வெளியிடு" என்றார்.

செப்டம்பரில் புதிய பதிப்பு வெளிவந்தது. குறிப்பில் இருப்பது இவ்வளவுதான்: அமினோ அமிலங்களை விழுங்கும் பிழையை முதலில் கண்டுபிடித்துத் திருத்தமும் அனுப்பியவர் எஸ்தர் பால்ராஜ், கோயமுத்தூர். மென்பொருளை எழுதிய சுமதி அதைத் திறந்து பார்க்காமலே பிழை ஏதும் இல்லை என்று பதில் அனுப்பினார். பிறகு இரண்டு தேதிகள். என்னுடைய பத்தொன்பது வரியை எடுத்துவிட்டு அவளுடைய பதினான்கு வரியை வைத்திருக்கிறேன். ஓர் எழுத்தும் மாற்றவில்லை, 'இப்படி இருக்கலாமோ' என்ற குறிப்புகளை மட்டும் எடுத்துவிட்டேன்.

தெரிந்தவர்கள் இருவர் எழுதிக் கேட்டார்கள், இது தேவையா என்று. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. கைடு படித்தாரா என்று தெரியாது. படித்தாலும் எஸ்தருக்குப் போன வருடங்களை யாரும் எடுத்துத் தரப் போவதில்லை. நான் இங்கே வீடு வாங்கி, பதவி உயர்ந்து, மகளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போன வருடங்கள் அவை.

போன வாரம் எஸ்தரிடமிருந்து ஒரு மெயில் வந்தது. நலமா என்ற விசாரிப்பு இல்லை. நான்தான் தப்போ என்பதும் இல்லை.

"புது பதிப்புலயும் ஒரு தப்பு இருக்குதுங்க. ரெண்டு சரம் இருக்கிற கோப்புல வரிசை எண் மாறுது. திருத்தி அனுப்பியிருக்கேன், பாருங்க."

இனியாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, நீலப் புள்ளியை அழுத்தித் திறந்தேன். வரி வரியாகப் படித்தோம்.

சரியாகத்தான் இருந்தது. அன்றைக்கும் சரியாகத்தான் இருந்தது.